ஏரிக்கரையில் ஒன்பது பேர்

சினிமா போஸ்டரை ஒட்டிவிட்டு இந்தப் பக்கம் திரும்புவதற்குள் மாடு வந்து தின்ன ஆரம்பித்துவிடும். மைதாப் பசை அதற்கு அவ்வளவு ருசி. பாகூரில் எங்கள் டூரிங் கொட்டகை இருந்த நாளில், காலையில் ஒட்டிய போஸ்டரில் சாயங்காலத்துக்கு மிஞ்சுவது ஒரு குதிகால், பக்கத்தில் ஒரு பானையின் விளிம்பு, அவ்வளவுதான். அந்த மிச்சத்தைப் பார்த்து இன்ன படம் என்று சொல்கிற ஆள் இந்த வட்டாரத்திலேயே அக்கா ஒருத்தர்தான். படத்தை ஓட்டுகிற ஆபரேட்டர் நான். எனக்கே சில சமயம் தெரியாது.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. ஏரிக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் தனியாக இருந்தவர். நடவுக்கும் களைக்கும் போவார். என்னைவிட எட்டு, பத்து வயது மூத்தவர். பேரை எழுதப்போவதில்லை. எழுதினால் சந்தோஷப்படுகிற ஆளும் இல்லை அவர்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் டைட்டிலில் என்ன போட்டிருந்தாலும் அவர் வைத்ததுதான் படத்துக்குப் பேர். 'ரெண்டு கெணறு படம்.' 'சைக்கிள் சாஞ்சி கெடக்குற படம்.' ஊரையே அழவைத்த ஒரு படத்துக்கு அவர் வைத்த பேர் 'கோழி மேயற படம்'. கதாநாயகி வாசலில் நின்று ஒப்பாரி வைக்கும்போது அவளுக்குப் பின்னால், ஓரத்தில், ஒரு கோழி மேய்ந்துகொண்டே போகிறதாம். நான் அந்தப் படத்தை இருபது காட்சியாவது ஓட்டியிருப்பேன். கோழியைப் பார்த்ததே இல்லை. அக்கா சொன்ன பிறகு பார்த்தேன். அதற்கப்புறம் எனக்கு ஒப்பாரி காதில் விழவில்லை. எப்போது கோழி வரும் என்றே உட்கார்ந்திருந்தேன்.

கொட்டகையில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்புயர மண்சுவர். எல்லோரும் நடு மணலுக்கு அடித்துக்கொள்வார்கள். அக்கா மட்டும் சுவரோரமாக, முன்னால் போய்க் குந்திக்கொள்வார். படம் மாறினால் முதல் நாள், முதல் ஆட்டம். எங்கள் கொட்டகை மட்டும் இல்லை. வில்லியனூரில் படம் மாறினாலும் போவார், அரியாங்குப்பத்துக்கும் போவார். பஸ் இருந்தால் பஸ், இல்லையென்றால் நடை. அழுகிற கட்டத்தில் அழமாட்டார், சிரிக்கிற கட்டத்தில் சிரிக்கமாட்டார். "கல்லு மாதிரி குந்திகினு இருக்குது பாரு" என்று மற்றப் பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

ரீல் அறுந்தால் கெட்ட இடத்தை வெட்டிவிட்டு இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டவேண்டும். வெட்டின துண்டுகளை நான் எறிவதில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். வேலை இல்லாத நாளில் அக்கா மத்தியானமாக வருவார். புரொஜெக்டர் கேபின் நிழலில் குந்தி, "இன்னாபா, புதுசா எதுனா பிட்டு கீதா?" என்பார். ஒரு துண்டை எடுத்து வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். ஒரு கண்ணை மூடிக்கொள்வார். நான் டீயை ஒரு வாய் குடிப்பதற்குள் பதில் வந்துவிடும்.

எனக்கா வாய் சும்மா இருக்கும்? ஒருநாள் அவரை மடக்கியே தீருவது என்று, ஜன்னல் திரையைத் தவிர வேறு எதுவுமே இல்லாத ஒரு துண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவரும் டீக்கடையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

"பணக்காரர் வூட்டுத் தெர" என்றார் அக்கா.

"அது எனக்குந்தான் தெரியும். எந்தப் படம், அத சொல்லுங்க."

"இருபா, பறக்காத. இந்தத் தெர ரெண்டு படத்துல வருது. ஒண்ணுல பணக்காரர் வூட்ல. இன்னொண்ணுல வக்கீல் வூட்டு ஜன்னல்ல. தெர அதேதான், ரெண்டும் ஒரே கம்பெனியா இருக்கும். ஆனா வக்கீல் வூட்டுக்கு வர்றதுக்குள்ள கீழ்ப்பக்கம் வெளுத்துப் பூட்ச்சி. இதுல வெளுக்கல. அப்ப, அண்ணங்காரன் கையெழுத்து போட்டு ஏமாறுவான் பாரு, அந்தப் படம்."

சரியாகத்தான் சொன்னார். பெரியவருக்கு ஆச்சரியத்தில் கோபமே வந்துவிட்டது. "தெர வெளுத்தத பாக்கவா காசு குடுத்து போற? படத்துல ஆளயே பாக்கமாட்டியா நீ?" என்றார்.

"ஆளப் பாக்கத்தான் போறேன்" என்றார் அக்கா. துண்டை டின்னில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

எந்த ஆள் என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. கல்யாணமான மறு வருஷம் ஏரிக்கரையில் ஷூட்டிங் நடந்திருக்கிறது. ஊரைக் காலி செய்துகொண்டு போகிற ஜனங்களாக நடக்க ஆள் வேண்டும் என்று, தலையில் மூட்டையை வைத்துக் கரைமேல் நடக்கவிட்டார்களாம். எட்டுப் பேர் அந்த ஊர்க்காரர்கள். வெளியூர்க் கூலியாள் ஒருவன். ஆக ஒன்பது பேர். அந்த எட்டில் ஒருவர் அக்காவின் வீட்டுக்காரர். ஊரே வேடிக்கை பார்க்கப் போனதால் அன்று களைக்கு ஆள் கிடைக்கவில்லை. அக்கா களைக்குப் போனார். அதைச் சொல்லும்போதெல்லாம், "போயிருக்கலாம்" என்று ஒரு வார்த்தை சேர்ப்பார்.

ஷூட்டிங் முடிந்த எட்டு மாதத்தில் மஞ்சள்காமாலை வந்து வீட்டுக்காரர் இறந்துபோனார். அவரை ஒரு போட்டோ எடுத்ததில்லை. கல்யாணத்துக்கும் எடுக்கவில்லை. அந்த ஆளின் உருவம் இந்த உலகத்தில் எங்காவது இருக்கிறது என்றால் அது அந்தப் படத்தில் மட்டும்தான். அது என்ன படம் என்று யாருக்கும் தெரியாது. கேட்டதற்கு, இன்னும் பேர் வைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். கதாநாயகன் யார் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒரு பேர் சொன்னார்கள். அதனால் அக்கா எல்லாப் படத்தையும் பார்த்தார். பத்து, பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓரத்தையே பார்த்துப் பார்த்து, ஓரத்தில் நிற்கிறவர்கள் எல்லாம் அவருக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். கூட்டத்தில் கைதட்டுகிறவர், கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறவர், கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர். "அந்த ஒல்லி தாடிக்காரு நாலஞ்சி படமா காணோம்பா. ஒடம்புக்கு எதுனா ஆய்ட்ச்சோ?" என்று ஒருமுறை என்னிடம் விசாரித்தார். "மெட்ராஸ்ல மழையாம், அதனால வந்திருக்கமாட்டாரு" என்றேன். சமாதானமாகிப் போனார். அடுத்த மாதம் ஒரு படத்தில் அந்தத் தாடிக்காரர் பால் ஊற்றிக்கொண்டு நின்றார். இடைவேளையில் அக்கா கேபின் வரைக்கும் வந்து, "வந்துட்டாருபா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்மணிக்குச் சொல்லிக்கொள்ள வேறு யார் இருந்தார்கள்?

ஒரு மத்தியானம், அவர் பிட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நான்தான் கிண்டலாக ஆரம்பித்தேன். "ஊர்ல உள்ளவன் மொகம் எல்லாம் ஞாபகம் வச்சிருக்கீங்க. உங்க வூட்டுக்காரு வந்தா ஒரே செகண்டுல புடிச்சிடுவீங்க" என்றேன்.

அக்கா துண்டைக் கீழே வைத்தார்.

"மொகம் மறந்து பூட்ச்சிபா" என்றார்.

"முதுகு ஞாபகம் கீது. சோறு பெசையற கை ஞாபகம் கீது. தூரத்துல வந்தா நடைய வச்சே சொல்லிடுவேன், வலது கால கொஞ்சம் வெளிய வீசி வைப்பாரு. மொகத்த நெனைக்கலாம்னு கண்ண மூடுனா சினிமாவுல வர்ற எவன் எவனோ வந்து நிக்கறான். ஆரம்பத்துல தெரிஞ்சிது. இத்தினி படத்த பாத்து பாத்து நானே அழிச்சிட்டேனோ இன்னாமோ. ஒரு தரம் பாத்துட்டா போதும். மறுபடியும் மறக்கமாட்டேன்."

என் மேல் எனக்கே எரிச்சலாக வந்தது. எதற்கு வாயைக் கொடுத்தேன்? அன்றைக்கு எல்லாத் துண்டையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்தப் படம் எங்களுக்கு வந்தது தற்செயலாக. போடுவதாக இருந்த படத்தின் பிலிம் பெட்டி வரவில்லை. முதலாளி கடலூருக்கு ஆள் அனுப்பி, கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு பழைய பெட்டியை பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொன்னார். முதல் ஆட்டத்துக்குப் பாட்டுப் போட்ட பிறகுதான் பெட்டி வந்து இறங்கியது. பாதியில் நின்று, பல வருஷம் கழித்து எப்படியோ முடித்து வெளியிட்ட படம்; எங்கள் பக்கத்துக் கொட்டகை எதிலும் போட்டதில்லை. கதாநாயகன் கதவைத் திறக்கும்போது ஒல்லியாக இருப்பார். உள்ளே நுழையும்போது தொப்பையோடு இருப்பார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒவ்வொரு ரீலையும் காட்சிக்கு முன்னால் கையால் சுற்றி, ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கவேண்டும். மெஷினின் சக்கரப் பல் மாட்டுகிற ஓரத்துப் பல் ஓட்டை எங்காவது கிழிந்திருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். இதுதான் ஆபரேட்டரின் முதல் வேலை. அன்று ஐந்து ரீலைத் தடவினேன். ஆறாவதைத் தடவவில்லை. நேரமில்லை என்பது உண்மை. இந்த டப்பாப் படத்துக்கு இது போதும் என்று நான் நினைத்ததும் உண்மை.

ஆறாவது ரீலில் ஒரு ஏரிக்கரை வந்தது. எனக்கு அது வெறும் ஏரிக்கரை. கேபின் துவாரத்தின் வழியே பார்த்தபோது, பெண்கள் பக்கத்தில் சுவரோரமாக ஒருவர் எழுந்து நிற்பது தெரிந்தது. "குந்துடி", "தல மறைக்குது" என்று பின்னாலிருந்து சத்தம். அவர் உட்காரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரையை முழுக்க மறைத்துக்கொண்டிருந்த கதாநாயகன் நடந்து விலகினார். அவருக்குப் பின்னால், கரைமேல், தலையில் மூட்டையோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

அங்கேதான் பல் ஓட்டை கிழிந்திருந்தது. ரீல் மெஷினில் மாட்டிக்கொண்டது. ஓடுகிற படம் நின்றுவிட்டால் கார்பன் விளக்கின் சூடு ஒரே பிரேமில் விழும். ஒன்பது பேரும் தூக்கிய காலோடு அப்படியே நின்றார்கள். கண்ணை மூடித் திறக்கிற நேரம்கூட இல்லை. நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி வந்து, கொப்பளித்து, விரிந்து, திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஆண்கள் பக்கம் ஒரே விசில். "டேய் ஆபரேட்டரு, தூங்கறியா?" என்று கத்தினார்கள். விளக்கை அணைத்துவிட்டு வெளியே இழுத்தேன். முன்னால் முழங்கை நீளத்துக்கு மெஷின் கடித்துக் குதறி வைத்திருந்தது. வெட்டி ஒட்டி மறுபடி ஓட்டியபோது ஏரிக்கரை போய்விட்டது. கதாநாயகன் தொப்பையோடு வேறு ஊரில் இருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் அக்கா கேபின் வாசலில் வந்து நின்றார்.

"அந்த எடத்த மட்டும் திருப்பிப் போடுபா."

"இல்லக்கா. எரிஞ்சிப் பூட்ச்சி."

"எல்லாமேவா?"

குதறிய துண்டுகளைக் காட்டினேன். எரிந்த பிரேமுக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் படம் நல்லதாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு பிரேம். ஓட்டினால் அரை செகண்டு வரும்; ஓரம் கிழிந்திருந்ததால் மெஷினில் ஏறவும் ஏறாது. நாளைக்கு வெயிலில் பெரிதாகப் போட்டுக் காட்டுகிறேன் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பிலிம் துண்டை வெயிலில் பெரிதாகப் போடுவது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. வீட்டுக்குள் இருட்டாக்கி, வெளியே கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் கதவிடுக்கு வழியாக உள்ளே அடிக்கவேண்டும். நடுவில் பிலிமைத் தலைகீழாகச் செருகி, முன்னால் லென்ஸ் வைத்தால் எதிர்ச்சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் படம் விழும். நான் பழைய புரொஜெக்டர் லென்ஸையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டேன். அக்கா வீட்டில் வெள்ளை வேட்டி இருக்காது என்று வழியில் நினைவு வந்தது. திரும்பிப் போய் என்னுடையதை எடுத்துக்கொண்டு போனேன்.

எல்லாவற்றையும் பொருத்தி வைத்துவிட்டு நான் வெளியே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் நகர நகரக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருந்தால்தான் படம் நிற்கும். அதனால் உள்ளே என்ன தெரிகிறது என்று எனக்குத் தெரியாது. அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"கரை தெரியிதுபா. மதகுகூட தெரியிது." கொஞ்ச நேரம் கழித்து, "தோ, கோயிந்தன். மூட்டைய தலையில வைக்காம தோள்ல வச்சிகினு கீறான் பாரு, அப்பவே சோம்பேறி."

"அப்புறம்?"

"மேட்டுத்தெரு ஆறுமுகம். அடேயப்பா, இன்னா முடி அப்ப. இது ஆறுமுகத்தோட தம்பி. இவுரு தலையாரி மாமா, செத்துப் பூட்டாரு பாவம்."

ஒவ்வொரு பேராக வந்தது. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழு பேர் ஆயிற்று. புருஷன் பேரை அக்கா வாயால் சொல்லமாட்டார். அந்த வழக்கம் அப்போது உண்டு. 'எங்க வூட்டுக்காரரு' என்றுதான் சொல்வார். அந்த வார்த்தைக்காகக் கண்ணாடியை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

"தம்பி, உள்ள வா" என்றார்.

கண்ணாடியை ஒரு செங்கல்லில் சாய்த்துவிட்டு உள்ளே போனேன். என் வேட்டியில் ஒன்பது பேர் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா அதற்கு வெகு கிட்டத்தில் நின்றார். கடைசியில் இரண்டு பேர். இரண்டு பேரும் ஒல்லி, இரண்டு பேருக்கும் மீசை. இரண்டு பேரின் முகமும் நன்றாகவே தெரிந்தது.

"ஒருத்தரு அவுரு. ஒருத்தன் அந்த வெளியூர் ஆளு" என்றார். முதலில் ஒரு முகத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு மற்றதன் மேல். "இவுரா? இவுராபா?"

"நான் அவர பாத்ததே இல்லியேக்கா."

"நடந்தா சொல்லிடுவேன்" என்றார். "கொஞ்சம் நடக்க வைபா."

துண்டை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். ஒன்பது பேரும் கோடு கோடாக இழுபட்டார்கள். வேகமாக இழுத்தேன். அப்போதும் அதேதான். நான் அந்த ஆறாவது ரீலை ஒருமுறை விரலால் தடவியிருந்தால் போதும், அவர் நடந்து வந்திருப்பார். அக்கா சுவரோரத்தில் நின்று பார்த்திருப்பார். வேறு பிரிண்ட் இருக்கிறதா என்று பின்னால் கடலூருக்குப் போய்க் கேட்டேன். இந்தப் பக்கத்துக்கு வந்தது அது ஒன்றுதான் என்றார்கள்.

"கோயிந்தன் இருக்கறாரே. கூட நடந்தவர்தானே, அவர கூப்ட்டு காட்டுனா சொல்லிடுவாரு" என்றேன். அதற்குள் வெயில் நகர்ந்து வேட்டியில் படம் மங்கிக்கொண்டிருந்தது.

"சொல்லுவான். எனக்குத் தெரியாதா அவன் சொல்லுவான்னு?" என்றார் அக்கா. "எம் புருஷன் யாருன்னு அடுத்தவன கேட்டு தெரிஞ்சிக்கணுமா? அப்புறம் அவன் காட்டுன ஆளுதான எனக்குப் புருஷன்? வேணாம்பா. நீ போயி கண்ணாடிய புடி. நானே பாக்கறேன்."

போய்ப் பிடித்தேன். வெயில் இறங்க இறங்க நானும் கண்ணாடியோடு முற்றத்தில் நகர்ந்துகொண்டே போனேன். தென்னை மரங்களுக்குப் பின்னால் வெயில் முழுக்க மறைந்துவிட்டது. கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது.

"அக்கா, வெயில் பூட்ச்சி" என்றேன்.

"தெரியிது" என்று உள்ளே இருட்டிலிருந்து பதில் வந்தது. "நீ புடி."